ரொட்டேஷனுக்குப் பணம்: சிசியா, நூல் கடனா, நகையா, பில்லை விற்பதா?

வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல் போன் அடித்தால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் இல்லை. திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. போன மாதம் அனுப்பர்பாளையம் பக்கமிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, சம்பளத்துக்கு ஒண்ணு முப்பது வேணுங்க. திங்கக்கெழம நூலுக்கு ஆறு லட்சம் கட்டோணும். பேங்க்ல லிமிட்ட ஏத்தச் சொல்லிக் கேக்கட்டுங்களா, இல்ல நகைய வெச்சுப்போடட்டுங்களா?"

ஆண்டுக்கு 2 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு விற்கிறவர். நஷ்டம் கிடையாது. பேலன்ஸ் ஷீட்டில் லாபம் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கையில் 1,30,000 இல்லை. இதைத்தான் பாடப்புத்தகம் நடைமுறை மூலதனச் சிக்கல் என்கிறது. எங்கள் ஊரில் ரொட்டேஷன் என்றால்தான் புரியும். பணம் எங்கும் ஓடிப்போகவில்லை. கொஞ்சம் நூலாக, கொஞ்சம் சாயப்பட்டறையில் ஈரத் துணியாக, மிச்சமெல்லாம் சரக்கு வாங்கிய கொல்கத்தா பார்ட்டியின் கடை அலமாரியில் பனியனாக இருக்கிறது.

எங்கே கடன் வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனை நாள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தத் தம்பிக்கு நூல் வந்து நிட்டிங், டையிங், காம்பாக்டிங் முடிந்து துணியாகத் திரும்ப 15 நாள். கட்டிங், பவர்டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் இன்னொரு 15 நாள். பெட்டி போட்ட சரக்கு கோடவுனில் 15 நாள். அனுப்பிய பிறகு பணம் வர சராசரியாக 75 நாள். ஆக 120. நூல் மில் தரும் 30 நாள் தவணையைக் கழித்தால் 90 நாள். (தையல் கூலிக்கு அந்தத் தவணை கிடையாது என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும், கணக்கு எளிதாக இருக்கட்டும்.) ஒரு நாள் கம்பெனி ஓட அடக்கச் செலவு ஏறக்குறைய 60,000 ரூபாய். தொண்ணூறு நாளுக்கு 54 லட்சம். இந்த 54 லட்சத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் கேள்வி. தம்பி கேட்ட 7,30,000 அதன் ஓரத்தில் விழுந்த ஓட்டை.

சிசி: லிமிட் வேறு, எடுக்க முடிவது வேறு

வங்கியின் கேஷ் கிரெடிட் (சிசி) கணக்குதான் இதற்கென்றே பிறந்த கடன். அதில் வங்கி வைக்கும் உச்சவரம்புதான் லிமிட். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. பார்ட்டி பணம் உள்ளே வந்ததும் வட்டி தானாகக் குறையும். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மற்ற வழிகளை அளக்க இதுவே முழக்கோல்.

எவ்வளவு கிடைக்கும்? சிறு தொழிலுக்கு, 5 கோடி லிமிட் வரை, வங்கிகள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டியின் கணக்கைத்தான் போடுகின்றன. ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் ரொட்டேஷனுக்குத் தேவை, அதில் 20 வங்கி தரும், 5 நீங்கள் போட வேண்டும். 2 கோடியே 40 லட்சத்துக்கு வங்கி லிமிட் 48 லட்சம், சொந்தப் பணம் 12 லட்சம். 25 சதவீதம் என்பது மூன்று மாத விற்பனை. அதாவது உங்கள் பணம் தொண்ணூறு நாளில் சுற்றி வந்துவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. நூற்றிருபது நாள் சுற்றுகிற கம்பெனிக்கு இந்தச் சட்டை பத்தாது.

தம்பிக்கு 48 லட்சம் லிமிட் இருக்கிறது. பிறகு ஏன் ஓட்டை? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மாதாமாதம் சரக்கும் பாக்கியும் எவ்வளவு என்று ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறோமே, அதை வைத்து வங்கி டிராயிங் பவர் போடும். லிமிட், டிராயிங் பவர் இரண்டில் எது குறைவோ அதுவரைதான் எடுக்க முடியும்.

அவருடைய ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்தேன். சரக்கு 25 லட்சம். மில்லுக்கும், கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க்காரர்களுக்கும் தர வேண்டியது 10 லட்சம். கடனில் வாங்கிய சரக்குக்கு வங்கி மறுபடி கடன் தராது, கழித்துவிடும். மிச்சம் 15, அதில் கால் பங்கு மார்ஜின் (நீங்கள் போட வேண்டிய பங்கு) போக 11,25,000. அடுத்தது பார்ட்டி பாக்கி. மொத்தம் 50 லட்சம். ஆனால் 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கி கணக்கிலேயே எடுக்காது. அப்படித் தாண்டியது 12 லட்சம். மிச்சம் 38, இதற்கும் கால் பங்கு மார்ஜின் என்றால் 28,50,000. (பாக்கிக்கு இன்னும் கூடுதலாக மார்ஜின் பிடிக்கிற வங்கிகளும் உண்டு.) கூட்டினால் 39,75,000. அவ்வளவையும் அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டார்.

லிமிட்டை 60 லட்சம் ஆக்கினாலும் டிராயிங் பவர் அதே 39,75,000தான். பிராசஸிங் கட்டணமும் டாக்குமென்ட் செலவும்தான் மிச்சம். அந்த 12 லட்சம் பாக்கி மட்டும் 90 நாளுக்குள் இருந்திருந்தால் டிராயிங் பவர் 9 லட்சம் கூடியிருக்கும். லிமிட் வரை எடுத்தாலே 8,25,000 கைக்கு வந்திருக்கும். அவருக்குத் தேவை 7,30,000. வங்கி மேனேஜரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஆள் வேறு என்று இதிலிருந்தே தெரியும்.

சிசி இன்னும் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சொத்து அடமானம் இல்லாமல் வாங்கும் கடனுக்கு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியான சிஜிடிஎம்எஸ்இயின் உத்தரவாதம் உண்டு. 2025 ஏப்ரல் முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. உத்தரவாதக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும், அது வட்டிக்கு மேல். ஆனாலும் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவா என்கிற குரல் கிளைகளில் ஓயவில்லை. இரண்டு மூன்று கிளை ஏறி இறங்கத் தயாராக இருங்கள். கணக்கு கிடைத்த பிறகு, பணத்தைப் போட்டு எடுத்து ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லிமிட்டின் உச்சியிலேயே கணக்கைப் படுக்கவைத்து, 90 நாளாக வட்டி அளவுக்குக்கூட வரவு இல்லை என்றால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

மில் தரும் தவணை: இனாம் மாதிரி தெரியும்

"வட்டியில்லாத பணம்ணா அது மில்காரர் குடுக்கறதுதானுங்க" என்று பலரும் சொல்வார்கள். ரேட் கேட்டுப் பாருங்கள். ரொக்கத்துக்குக் கிலோ 280 என்றால் 30 நாள் தவணைக்கு 285 என்பார்கள். ஐந்து ரூபாய்தானே என்று தோன்றும். 280க்கு 5 என்பது மாதம் 1.79 சதவீதம், ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கு மேல். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒண்ணே முக்கால் வட்டி. சிசியைப் போல இரண்டு பங்கு.

தம்பி மாதம் 9 லட்சத்துக்கு நூல் எடுக்கிறார், சுமார் 3,200 கிலோ. தவணைக்காக மாதம் 16,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். அதே 9 லட்சத்தை சிசியிலிருந்து எடுத்து ரொக்கமாகக் கட்டியிருந்தால் ஒரு மாத வட்டி 8,250. இன்னொரு லாபமும் உண்டு. மில் பாக்கி குறைந்தால் டிராயிங் பவர் ஏறும். 6 லட்சம் பாக்கியைத் தீர்த்தால் 4,50,000 திரும்ப எடுக்க இடம் கிடைக்கும்.

அதனால் என் கருத்து தெளிவு: சிசியில் இடம் இருக்கும்வரை நூலுக்கு ரொக்கம். தவணையைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம், பழக்கமாக்கக் கூடாது. ஆனால் அந்தக் கையிருப்பையும் முழுசாக நம்ப முடியாது. 2021லும் 2022 முற்பாதியிலும் நூல் விலை மாதம் பிறந்தால் ஏறிக்கொண்டிருந்தது. அதே கிலோ நூலுக்குக் கூடுதல் பணம் தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான், நான் கணக்குப் பார்க்கும் இரண்டு கம்பெனிகளிடம் மில்கள் தவணையை நிறுத்திவிட்டு முன்பணம் கேட்டன. குடை தேவைப்படும்போது குடைக்காரர் கடையை மூடிய கதை.

ஜாப் ஒர்க்காரர்களுக்கு இழுத்தடித்து ஓட்டுவதும் ஒரு வழியாக இருந்தது. நிட்டிங், பவர்டேபிள்காரரெல்லாம் உத்யம் என்ற அரசுப் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனங்கள். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் அவர்களுக்குப் பணம் போக வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவும் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், அந்தச் செலவு அந்த ஆண்டுக் கணக்கில் ஏறாது, பணம் கட்டிய ஆண்டில்தான். கூலி பாக்கி வைத்ததற்காக வரி கட்டுவதைவிடக் கூலியையே கொடுத்துவிடலாம்.

நகை

பத்து நிமிடத் தூரத்தில் கடை, ஒரு மணி நேரத்தில் பணம், நகை மதிப்பில் சுமார் முக்கால் பங்கு. வங்கியில் வைத்தால் வட்டி சிசியை ஒட்டித்தான் இருக்கும், சில சமயம் குறைவாகவும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்க மாட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல கடன் இல்லை.

காகிதத்துக்கு வெளியே நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு எழுத வருவதற்கு முன் நானும் நான்கு மெஷின் போட்டு ஓட்டியவன். ஒரு தீபாவளிக்கு நாற்பதாயிரம் பீஸ் ஆர்டர். வீட்டில் இருந்த 18 பவுனையும் வைத்தேன். தீபாவளி முடிந்து இருபது நாளில் மீட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். பார்ட்டி கொடுத்த செக் திரும்பிவந்தது. பொங்கலுக்கு மூக்குத்தியோடு மட்டும் நின்ற என் மனைவி எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலாம். நகையை மீட்டபோது அடுத்த ஆடி பிறந்துவிட்டது. வட்டியாகக் கட்டியது பெரிய தொகை இல்லை.

நகைக் கடன் எதற்குப் பொருந்தும் என்றால், திரும்பும் தேதி தெரிந்த ஒரு வீக்கத்துக்கு. தீபாவளி சீசனுக்காக இரண்டு மாதம் கூடுதலாக நூல் எடுக்க வேண்டும், பணம் வரும் பார்ட்டி பழகியவர் என்றால் தாராளமாக வைக்கலாம். ஆண்டு முழுக்க இருக்கிற 54 லட்சப் பள்ளத்தில் நகையைப் போட்டால், வருஷா வருஷம் வட்டி கட்டி மாற்றி வைப்பதுதான் நடக்கும்.

பில்லைப் பணமாக்குவது

பாக்கி 75 நாள் கழித்து வரும் என்றால், அந்தப் பில்லையே இன்றைக்குக் கொஞ்சம் குறைத்து விற்றுவிடலாம். இதற்கு இரண்டு முகம்.

ஒன்று ட்ரெட்ஸ். ரிசர்வ் வங்கி அனுமதியோடு 2017இல் ஓடத் தொடங்கிய ஆன்லைன் சந்தை. ஆர்எக்ஸ்ஐஎல், எம்ஒன்எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் ஆகியவை அதில் பழையவை. நீங்கள் பில்லை ஏற்றுகிறீர்கள், வாங்கிய கம்பெனி ஒப்புக்கொள்கிறது, வங்கிகள் வட்டிக்குப் போட்டி போட்டு ஏலம் கேட்கின்றன, குறைந்த வட்டி கேட்டவரிடமிருந்து பணம் வந்துவிடும். வாங்கியவர் கெடுவில் கட்டாவிட்டால் உங்களைத் தொந்தரவு செய்ய முடியாது. இதுதான் இதில் தங்கம். பில்லைக் கொடுத்து வங்கியிடம் முன்கூட்டியே பணம் வாங்கும் வழக்கமான பில் டிஸ்கவுன்டிங்கில் பார்ட்டி கைவிரித்தால் வங்கி உங்கள் வாசலுக்கு வரும். 10 லட்சம் ரூபாய் பில், 60 நாள், 9 சதவீதத்துக்கு ஏலம் போனால் செலவு 14,800 ரூபாய். வட்டி உங்கள் பெயருக்கு இல்லாமல், வாங்கும் கம்பெனியின் பெயருக்கு ஏற்ப நிர்ணயமாவதால்தான் இவ்வளவு மலிவு.

ஆனால் பார்ட்டி அதில் இருக்க வேண்டுமே. விற்றுமுதல் 500 கோடிக்கு மேல் உள்ள கம்பெனிகள் சேர வேண்டும் என்றிருந்ததை 2024 நவம்பரில் 250 கோடியாகக் குறைத்தார்கள், 2025 மார்ச் 31 வரை கெடு கொடுத்து. பெரிய ரீட்டெய்ல் கம்பெனிகளுக்குத் தைப்பவர்களுக்கு இது வரம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் தைக்கிறார்; அவர் சொல்லும் ஒரே குறை, சரக்கு இறங்கி அவர்கள் பில்லை ஒப்புக்கொள்ளவே இரண்டு வாரம் ஓடிவிடுகிறது என்பது. கொல்கத்தா மொத்த வியாபாரிக்கும் உள்ளூர்க் காதர்பேட்டைக் கடைக்காரருக்கும் விற்கிற நம் தம்பிக்கு ட்ரெட்ஸ் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மிட்டாய்.

அவருக்குப் பொருந்துவது இரண்டாவது முகம்: பார்ட்டிக்கே கேஷ் டிஸ்கவுன்ட். உடனே கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி. இது நல்லதா கெட்டதா என்பது அந்தப் பார்ட்டி எத்தனை நாள் இழுப்பார் என்பதைப் பொறுத்தது. 60 நாளில் ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு 2 சதவீதம் கொடுத்தால் உங்களுக்கு ஆண்டுக்கு 12.4 சதவீதச் செலவு, சிசியே தேவலாம். 90 நாள் இழுப்பவருக்கு அதே 2 சதவீதம் 8.3 சதவீதம்தான்; சிசியைவிட மலிவு, வராமல் போகிற பயமும் இல்லை. ஆகவே தள்ளுபடியை நல்ல பார்ட்டிக்குக் கொடுக்காமல் இழுக்கிற பார்ட்டியிடம் நீட்ட வேண்டும். கேட்க அநியாயமாக இருக்கிறது, கணக்கு அப்படித்தான் சொல்கிறது. (நல்ல பார்ட்டிக்கு இது தெரிந்தால் அவரும் இழுக்கத் தொடங்குவார் என்பது வேறு விஷயம்.)

அதே எம்எஸ்எம்இ சட்டப்படி கேட்கவும் வழி இருக்கிறது. 45 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று பங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் புகார் கொடுக்கலாம். அடுத்த சீசனுக்கும் சரக்கு அனுப்ப வேண்டிய பார்ட்டி மேல் யாரும் கொடுப்பதில்லை. இனி முகத்திலேயே விழிக்கப்போவதில்லை என்று முடிவான பிறகு அது நல்ல ஆயுதம்.

மற்றவை

ஆன்லைனில் பத்து நிமிடத்தில் கிடைக்கும் பிசினஸ் லோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "12 சதவீதம் ஃபிளாட்" (அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி) என்பதை மாதத் தவணையாக ஓராண்டு கட்டினால் உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். அதைவிடப் பெரிய தப்பு, அதன் அமைப்பு. உங்கள் பணம் தொண்ணூறாம் நாள் திரும்புகிறது, அவர்கள் முப்பதாம் நாளே அசலை உருவத் தொடங்குகிறார்கள். மெஷின் வாங்க இஎம்ஐ சரி, நூல் வாங்க அது ஒத்துவராது.

தண்டல்: 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம் ரூபாய்தானே போகிறது என்பார்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக்கணக்கில் 75 சதவீதத்துக்கு மேல் வருகிறது. தள்ளுவண்டிக்காரர் ஒரே நாளில் முதலைத் திருப்பிவிடுவதால் அவருக்குத் தாங்கும். பனியன் கம்பெனிக்குத் தாங்காது.

ஏலச்சீட்டு நல்ல பழக்கம்தான், ஆனால் திருப்பூரில் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவைப்படும். தீபாவளிக்கு முந்தின ஏலங்களில் தள்ளு (சீட்டை எடுக்க விட்டுக்கொடுக்கும் தொகை) எவ்வளவு ஆழம் போகும் என்று எடுத்தவர்களைக் கேளுங்கள். கைமாற்று வாங்கினால் வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கக் கடனாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சரி, தம்பி என்ன செய்தார்? மூன்று நாளில் லிமிட் ஏற்றுவது நடக்காது, நடந்தாலும் பயனில்லை என்று மேலே பார்த்தோம். மில்லில் கெடு கேட்டால் அடுத்த லோடு நிற்கும். அந்த 12 லட்சம் யார் யாரிடம் நிற்கிறது என்று பட்டியல் போடச் சொன்னேன். ஆறு பார்ட்டி. அதில் கொல்கத்தாக்காரர் ஒருவரிடம் மட்டும் 3,50,000, நூற்றிருபது நாள் தாண்டியது. நாளைக்கே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று பேசச் சொன்னேன். 17,500 ரூபாய் போகிறதே என்று அவருக்கு மனசில்லை. "அந்தப் பணத்த ஏற்கெனவே கால் வருஷம் சும்மா குடுத்து வெச்சிருக்கறீங்களே தம்பி, அதுக்கு எவ்வளவு போச்சுன்னு பாத்தீங்களா?" என்றேன். வெள்ளிக்கிழமை மதியம் 3,32,500 வந்துவிட்டது. மிச்சத்துக்கு 60 நாள் கெடுவில் 4 லட்சம் நகைக் கடன், 10 சதவீத வட்டியில் 6,600 ரூபாய்க்குள். மற்ற ஐந்து பார்ட்டியிடமிருந்து வரும் முதல் பணம் நகைக்கு என்று எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை சம்பளம் போட்டாயிற்று, திங்கட்கிழமை நூல் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை ஜிஎஸ்டிக்காக பில் காப்பிகளை அனுப்பியிருந்தார். மேலே இருந்த முதல் பில்லே அதே கொல்கத்தாக்காரர் பேரில். 2,80,000 ரூபாய்ச் சரக்கு, கெடு 90 நாள். போன் போட்டேன்.

"ஏனுங்க தம்பி, மறுபடியும் தொண்ணூறு நாளுங்களா?"

"நல்ல மனுசனுங்ணா அவரு. பணம் மட்டுந்தான் கொஞ்சம் லேட்டுங்க."